வன்னியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு: ஏற அல்ல, இறங்கப் பழகுங்கள்

வன்னியில் குளக்கட்டுதான் ஏற்றம். அங்கே நடந்து பழகிய கால்களுக்கு 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை கொஞ்சம் கடுமைதான். மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர்ப் பக்கத்தால் போனால் ஏறக்குறைய 5,500 படி. ஒரே இரவில் சுமார் 1,000 மீற்றர் மேலே போகிறீர்கள். களைக்குமே என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். களைப்பு, நின்று ஆறினால் போய்விடும். ஆளை விழுத்துவது உச்சிக் குளிரும், இறக்கத்தில் முழங்காலும்.

யாத்திரைக் காலம் மார்கழிப் போயாவில், அதாவது முழுநிலா நாளில், தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். காலபோக நெல் வெட்டு முடிந்து கை ஓய்கிற மாசி, பங்குனி எங்களுக்கும் வசதி, மலையிலும் மழை குறைவு. போயா நாளையும் சனி, ஞாயிறையும் விட்டுவிடுங்கள். உச்சிக்குக் கிட்டப் படி ஒடுங்கும். சனம் கூடினால் அசையாமல் குளிரில் நிற்க வேண்டிவரும், விடியலும் வரிசையிலேயே போய்விடும். காலம் முடிந்த பிறகு போகவே வேண்டாம்: பாதையில் வெளிச்சம் இல்லை, கடை இல்லை, மழையும் அட்டையும்தான்.

ஒரு மாதம் முன்பே பழகத் தொடங்குங்கள். குளக்கட்டின் சரிவோ, பாடசாலை மாடிப்படியோ போதும். கிழமையில் மூன்று நாள், முதலில் இருபது நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம் வரை கூட்டுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும் அந்த வேலை அதற்குக் கிடைக்காது. பழகாதவருக்குப் பாதி வழியிலேயே கால் நடுங்கும்.

ஏ9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டி, அங்கிருந்து அட்டன், பிறகு மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. மழைக்குப் பிறகு மண்சரிவு வரக்கூடிய பாதை, வெளிக்கிட முன் விசாரியுங்கள். பின்னேரமே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, நான்கு மணித்தியாலமாவது படுங்கள். இராப்பகலாகப் பஸ்ஸில் இருந்துவிட்டு இறங்கினவுடனே ஏறுவது வீண் வேலை. மொழிக்கு யோசிக்க வேண்டாம், அட்டனிலும் மஸ்கெலியாவிலும் தமிழிலேயே கதைக்கலாம்.

உயரம் 1,000 மீற்றர் கூடினால் ஆறேழு பாகை குளிரும். கிளிநொச்சியில் இரவு 22 பாகை என்றால் உச்சியில் பத்துக்குக் கீழே போகும். காற்று அடித்தால் இன்னும் கடுமை. ஆனால் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வேர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மேலே நின்றால்தான் உடம்பு விறைக்கும். மெல்லிய சட்டையோடு ஏறி, உச்சிக்குக் கிட்ட வந்ததும் காய்ந்த சட்டைக்கு மாறி, அதற்கு மேல் சுவெற்றரும் காதை மூடும் தொப்பியும் போடுங்கள். பையில் இவற்றோடு ஒரு லீற்றர் தண்ணி, தண்ணியில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் ஒரு பைக்கற், கச்சான், பனங்கட்டி, டோர்ச், மழைக்கோட், வழமையாகப் போடும் மருந்து. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் மருந்து இழுக்கும் பம்ப்பைப் பையின் அடியில் புதைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள். நெஞ்சு வருத்தக்காரர் வைத்தியரைக் கேட்காமல் வெளிக்கிடக் கூடாது. ரப்பர் செருப்பு ஈரப்படியில் வழுக்கும்; அடியில் வெட்டுள்ள, பழகிய சப்பாத்துத்தான் சரி. புதுச் சப்பாத்து கொப்பளம் போடும்.

இரவு 1.30 அல்லது 2 மணிக்குத் தொடங்குங்கள். நடுத்தர வேகத்துக்கு மூன்றரை மணித்தியாலம் பிடிக்கும். பொடியள் முதல் அரை மணித்தியாலம் ஓடுவார்கள், பிறகு கடை வாங்கில் சரிந்து கிடப்பார்கள். கதைத்துக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பிளேன்ரீக்கு நின்றாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள், உடம்பு ஆறிவிடும். கடைசிப் பகுதி செங்குத்து. கைபிடிக் கம்பியைப் பிடித்து, இறங்குகிறவர்களுக்கு இடம் விட்டு ஏறுங்கள். ஐந்தரைக்கு முன்பே உச்சிக்குப் போவதில் லாபமில்லை, குளிரில் நிற்பதுதான் மிச்சம். சீக்கிரம் வந்துவிட்டால் மேலேயுள்ள கடைகளில் ஒன்றில் இருந்துவிட்டுப் போங்கள்.

உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். தடித்த சொக்ஸ் இன்னொரு சோடி கொண்டுபோங்கள். எத்தனையாம் தடவை ஏறினீர்களோ அத்தனை தரம் மணி அடிப்பது வழக்கம். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்து நிற்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள்: மலையின் நிழல் முக்கோணமாக விழும், கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

இறங்க முன் கால் நகம் இடிபடாமல் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை வீட்டிலேயே வெட்டியிருக்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, படிக்குப் படி மெதுவாக வையுங்கள், குதிக்காதீர்கள். நோகத் தொடங்கினால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள், ஒரு தடியும் உதவும். பொலித்தீன், போத்தல் எல்லாம் உங்களோடு கீழே வரவேண்டும்.

தொடை நோவு அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். அந்த இரண்டு நாளும் வயல் வேலை வைக்காதீர்கள். வான் பிடித்துப் போகிறவர்கள் சாரதியை மலை ஏற விடாமல் கீழே நித்திரை கொள்ள விடுங்கள். அவரும் ஏறியிருந்தால் அன்றிரவு அட்டனிலோ கண்டியிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஏ9இல் திரும்புங்கள்.