காசியில் ஒரு விடியற்காலை நடை

காசிக்குப் போனால் ஒரு விடியற்காலையைப் படகுக்குக் கொடுக்காமல் நடைக்குக் கொடுங்கள். அஸ்ஸி படித்துறையில் தொடங்கி, கங்கையோரமாகவே தசாஸ்வமேத படித்துறை வரை வந்துவிடலாம். துறைகள் கிழக்கு பார்த்தவை என்பதால் முதல் வெயில் நேராகப் படிகளில் விழும்.

வழியில் அனுமன் துறை. 1898-இல் காசிக்குப் போன பாரதி தங்கிய பகுதி அது. அடுத்து வரும் அரிச்சந்திரா துறையில் சிதை எரியும். கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம் கேதார் துறை. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில், அவ்வப்போது காதில் விழும் தமிழ்ப் பேச்சு. எனக்கு மிகவும் பிடித்த இடம், நிதானமாக உட்காருங்கள்.

நீரையொட்டிய படிகள் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். மழைக்காலத்தில் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும், தொடர்ந்து நடக்க முடியாது. நவம்பர் அல்லது பிப்ரவரிதான் சரி. நடுவில் வரும் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி சூரியனை மறைத்துவிடும்.