செல்போன் கோபுரத்தை வைத்து மழையை அளக்கிறீர்களா? ஆண்டெனாவின் ஈரத்தைக் கழியுங்கள்

ஐப்பசி மழை சென்னை முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. அடையாறில் கொட்டித் தீர்க்கும்போது அம்பத்தூரில் தூறல்கூட இருக்காது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழைமானிகளுக்கு இடையில் நடப்பதை அறிய, கோபுரத்துக்குக் கோபுரம் பாயும் நுண்ணலைகள் உதவும். மழைத்துளிகள் அவற்றை நலியச் செய்யும். அந்த நலிவிலிருந்து மழையைக் கணக்கிடலாம் என்று 2006-இல் இஸ்ரேலிய ஆய்வாளர் ஹகித் மெஸ்ஸர் குழுவினர் காட்டினார்கள்.

படி 1: மழையில்லாத நேரத்துச் சிக்னலைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலை வேண்டாம். பனி படிந்தாலே ஆண்டெனா மூடி நனைந்துவிடும்.

படி 2: மழையின்போது சிக்னல் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அந்தக் குறைவை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். 2 கிலோமீட்டர் தூரம், 23 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு ஒன்றில் 4.7 டெசிபெல் குறைந்ததாக வைத்துக்கொள்வோம்.

படி 3: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அந்த 4.7 முழுவதும் வானத்து மழையால் வந்ததல்ல. இரு முனைகளிலும் ஆண்டெனா மூடிமேல் நீர் படலமாகப் படிகிறது. நீர் நுண்ணலையை நன்றாக உறிஞ்சும். புதிய மூடியில் தண்ணீர் சேப்ப இலையில் உருள்வதுபோல் வழிந்தோடிவிடும். வெயிலிலும் தூசியிலும் பழசான மூடியிலோ அப்பிக்கொள்ளும்.

ஈரத்தின் பங்கை அறிய எனக்குப் பிடித்த வழி இது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுபோல மழை நின்ற பிறகும் சிக்னல் உடனே பழைய நிலைக்கு ஏறாது. மழை நின்றதென்று பக்கத்து மழைமானி காட்டும் கணத்தில் எஞ்சியிருக்கும் குறைவு ஏறக்குறைய ஈரத்தினுடையது. கொட்டும்போது படலம் இன்னும் சற்றுத் தடிமனாக இருந்திருக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும். நம் கணக்கில் அது 2 டெசிபெல் என்று கொள்வோம்.

படி 4: 4.7-இல் 2 போக 2.7. தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1.35. இந்த அலைவெண்ணில் அது மணிக்கு சுமார் 10 மில்லிமீட்டர் மழை. ஈரத்தைக் கழிக்காவிட்டால் 17 என்று வரும்.

நெருக்கமான நகரில் கோபுரங்களும் நெருங்கியே நிற்கின்றன. அதே மழை, அதே ஈரம், தூரம் மட்டும் அரை கிலோமீட்டர் என்றால் கழிக்காத கணக்கு ஏறத்தாழ 40 காட்டும். தூரம் குறைந்தால் மழையின் பங்கு குறையும். இரண்டு மூடிகளின் ஈரம் குறையாது. அதனால் முதல் பயிற்சிக்கு உங்களிடம் உள்ளதிலேயே நீளமான இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.