ஆயில் இருந்தால் போதாது, ஓட வேண்டும்

வடபழனி சிக்னலில் நின்றிருந்தபோது டேஷ்போர்டில் எண்ணெய்க் கெண்டி வடிவச் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல்கோடு வரை ஆயில் இருந்தது. மறுபடி கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் விளக்கு அணைந்தது. சென்சார்தான் கெட்டிருக்கும் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு அம்பத்தூரை நோக்கி ஓட்டினேன். பாடி மேம்பாலம் ஏறும்போது, இன்ஜினின் அடிவயிற்றில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ‘டக் டக்’ என்று கேட்கத் தொடங்கியது.

அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. இதை அறியாமல் பதினைந்து ஆண்டுகள் கார் ஓட்டியிருக்கிறேன்.

இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தட்டில் ஆயில் தேங்கியிருக்கும். ஒரு குழாயின் வாயில் பொருத்திய கம்பிவலை வழியாக ஆயில் பம்ப் அதை உறிஞ்சி, பில்டருக்குள் தள்ளுகிறது. வடிகட்டிய ஆயில் இன்ஜின் உடலில் குடைந்த பெரிய வழிக்குப் போய், அங்கிருந்து கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகிறது. அதிலிருந்து ஷாஃப்டுக்குள்ளேயே துளைத்த பாதை வழியாக, பிஸ்டனை அதனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகளை அடைகிறது. இன்னொரு கிளை மேலேறி, இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் சுழன்று வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை நனைக்கிறது. வேலை முடிந்த ஆயில் தானாகவே வழிந்து சம்புக்குத் திரும்புகிறது. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் நொடிக்கு 33 முறை சுழலும் இரும்பை, அந்த மெல்லிய ஆயில் படலம்தான் உரசவிடாமல் தாங்குகிறது.

சம்பைக் கழற்றிய மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். கம்பிவலையில் கறுப்புக் களிம்பு அப்பியிருந்தது. நடுவே சிவப்பு ரப்பர் போன்ற துணுக்குகள். “முன்பு சம்பைக் கழற்றி மாட்டியபோது ஒட்டும் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள், சார். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து வந்து இங்கே அடைத்துவிட்டது” என்றார். பிறகு பேரிங்கின் ஓடு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்க வேண்டியது. மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, நகத்தால் வருடினால் கீறல் தட்டியது. சும்மா நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுழல்வதால் அழுத்தம் விழுந்து விளக்கு எரிந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பம்ப் வேகமெடுத்து அழுத்தம் கொஞ்சம் ஏறியதை, நான் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றலாம். சரியாக இருந்தால்தான் கவலை அதிகம். வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

“சென்னை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி” என்று அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது. சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் அந்தச் சூட்டை ஒட்டித்தான் இருக்கும், வெளியே கத்திரி வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும். மெல்லிய ஆயிலுக்கென அமைத்த குறுகிய வழிகளில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால், காலையில் கிளப்பும்போது அது மேலே கேம் ஷாஃப்ட் வரை ஏறத் தாமதமாகும். வண்டியோடு வந்த கையேடு சொல்லும் எண்ணே போதும்.

கூடுதலாக ஊற்றுவதும் தவறுதான், அதுவும் அன்பினால் செய்யும் தவறு. மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் புரண்டு, மத்தால் மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கும். நுரையில் இருக்கும் காற்று நசுங்கிவிடுவதால் பேரிங்கைத் தாங்காது. நம் தெருக்களில் ஒரு பக்கச் சக்கரங்களை நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்திவிட்டு அளவு பார்ப்பதால்தான் பலருக்கு இந்தக் கணக்கு தவறுகிறது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆயில் இறங்கக் காத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி நுழைத்துப் பாருங்கள்.

ஆயிலை மாற்றிவிட்டுப் பழைய பில்டரையே விட்டுவைக்கும் சிக்கனம் எனக்குப் புரிவதே இல்லை. பில்டர் அடைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராகப் பேரிங்குக்கு அனுப்பிவிடும். ஆயிலே இல்லாமல் போவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பது வடிவமைத்தவரின் கணக்கு.

கிலோமீட்டரை மட்டும் நம்புவதும் இந்த ஊருக்கு ஒத்துவராது. பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் வண்டி ஊர்ந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மீட்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் காரிலோ ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து களிம்பாகிறது. ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு’ என்று கையேட்டில் இருந்தால் அந்த ‘ஓராண்டு’ இப்படி ஓட்டுபவர்களுக்காகத்தான்.

கடைசியாக மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. சம்புக்குள் புகுந்திருந்தால் அடியில் போய்த் தங்கும். பம்பின் கம்பிவலையும் அங்கேதான் இருக்கிறது. கிளப்பிய நொடியில் பேரிங்குகளுக்கு ஏறுவது தண்ணீர். சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்கு இழுத்துச் செல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். மெக்கானிக் முதலில் கேட்பது, “ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா, சார்?” என்பதுதான். இல்லை என்று சொன்னால் அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சம்பின் அடித்திருகைக் கழற்றப் போவார். ஆம் என்று சொன்னால் முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.