தொற்றுநோயியல் படிக்க வருவோர் விடும் பிழைகள்

கொழும்பில் தொற்றுநோயியல் படிக்க வரும் இளையவர்கள் ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், இரண்டாம் பக்கம் புரட்ட முன்னரே எங்கே இடிக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் வகுப்பு இடறியதும் அதே இடங்களில்தான். கூட்டல் பிழை, வரைபில் அலகு போடாமல் விடுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை மேற்பார்வையாளரின் சிவப்புப் பேனை பார்த்துக்கொள்ளும்.

பகுதி யாரென்று தெரியாமல் தொகுதியை எண்ணுவது

பின்னத்தில் மேலே வருவது தொகுதி, இங்கே நோயாளர் எண்ணிக்கை. கீழே வருவது பகுதி, அந்த நோயாளர்கள் வந்த சனத்தொகை. டெங்கு எங்கே கூட என்று கேட்டால் உடனே "கொழும்பில்" என்கிறார்கள். வாராந்த அறிக்கையில் கொழும்பு மாவட்டத்துக்கு நேரே உள்ள எண் பெரிது, அவ்வளவுதான் காரணம். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 23 இலட்சம். மன்னாரில் ஏறக்குறைய ஒரு இலட்சம். ஒரு பேச்சுக்கு, ஒரு மாதத்தில் கொழும்பில் 230 பேருக்கும் மன்னாரில் 20 பேருக்கும் டெங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இலட்சம் பேருக்கு 10, மன்னாரில் 20. முதலில் ஓட வேண்டிய இடம் மன்னார்.

சரி, இது எல்லோருக்கும் விளங்கும். பரீட்சையில் கேட்டால் பிழையில்லாமல் எழுதுவார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அடுத்த படியில்: கீழே ஏதோ ஒரு சனத்தொகையைப் போட்டு வகுத்துவிட்டால் வீதம் வந்துவிடும் என்ற நினைப்பு. மேலே எண்ணியவர்கள், கீழே எண்ணியவர்களுக்குள் இருந்துதான் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வகுத்தல்.

ஒரு மாணவர் நகரின் பெரிய வைத்தியசாலை ஒன்றில் மாதக்கணக்காக உட்கார்ந்து விடுதிப் பதிவேட்டைப் பிரதி செய்தார். வந்த எண்ணைக் கொழும்பு மாநகரச் சனத்தொகையால் வகுத்து, "கொழும்பு நகரின் டெங்கு வீதம்" என்று தலைப்பும் போட்டுக் கொண்டுவந்தார். பிரதியை வாங்கி விலாச நிரலைப் பார்த்தேன். கேகாலை, ஹட்டன், புத்தளம். அதையாவது பிரித்து எடுக்கலாம். வெள்ளவத்தை என்று இருந்தவர்களில் சிலருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். மருந்தெடுக்க வந்து மச்சாளின் தொடர்மாடி வீட்டில் தங்கியவர்கள், கேட்டபோது அந்த விலாசத்தையே கொடுத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அங்கே போய்ப் பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டையும் கவிழ்த்துப் பார்த்திருப்பார். நுளம்பு கடித்தது ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால்!

அந்தப் பிரதியை வைத்து வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பற்றி ஏதாவது சொல்லலாம். நகரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவ்வளவு மாத வேலையும் வீண்.

சரியான வீட்டு விலாசம் கிடைத்தாலும் டெங்குவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. பாணந்துறையிலிருந்து காலை ரயிலில் வந்து கோட்டையில் வேலை செய்பவர், அலுவலகத்தில் கடிபட்டாலும் பாணந்துறைக் கணக்கில்தான் பதிவாவார். அதனால் ஆய்வு தொடங்க முன்னரே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இந்த நோய் யாருக்கு வந்திருக்கலாம், அவர்கள் எத்தனை பேர், அந்த எண் எங்கே கிடைக்கும்.

கொலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய லண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ என்றதும், எல்லோரும் அவர் சொல்லிக் கைப்பிடி கழற்றப்பட்ட புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பைப் பற்றியே கதைக்கிறார்கள். அவர் பகுதிக்காக அலைந்த அலைச்சல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே. அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பனி 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரக் கழிவுக்கு மேலே, தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. சதக் அண்ட் வொக்ஸ்ஹோல் கம்பனி நகருக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தது. 1854இல் கொலரா வந்தபோது ஸ்னோ செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் எந்தக் கம்பனித் தண்ணீர் என்று கேட்டார். பல இடங்களில் பணம் கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்பவருக்குத் தெரியாது. தண்ணீரைக் கொஞ்சம் போத்தலில் எடுத்துச் சில்வர் நைத்திரேற்று விட்டுப் பார்த்தார். சதக் தண்ணீரில் உப்பு பல மடங்கு கூட, பாலாய்க் கலங்கிவிடும்.

முதல் ஏழு வாரங்களின் கணக்கு இது: சதக் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 மரணம். லாம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98. லண்டனின் மற்ற 2,56,423 வீடுகளில் 1,422. மரணத்தை மட்டும் எண்ணினால் "மற்ற லண்டன்"தான் முதலிடம். வீட்டுக் கணக்கால் வகுத்தால் சதக்கில் 10,000 வீட்டுக்கு 315, லாம்பெத்தில் 37, மற்ற லண்டனில் 60க்கும் குறைவு. கொலராக் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே தண்ணீரைக் குற்றவாளியாக்கியது இந்த வகுத்தல்தான்.

பம்புக் கைப்பிடியைக் கழற்றியதால் கொலரா நின்றது என்பது

அதனால் நிற்கவில்லை. 1854 செப்டெம்பர் 8இல் கழற்றும்போது மரணங்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்னோவே அப்படி எழுதியிருக்கிறார்.

அறிவித்த திகதியில் வரைபு போடுவது

காய்ச்சல் தொடங்கிய நாள் வேறு, நோயாளரைப் பற்றிய அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சேர்ந்த நாள் வேறு. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் எண் விழும், அடுத்த வாரம் ஏறும். நுளம்பு விடுமுறை எடுப்பதில்லை. வரைபின் கடைசி ஓரிரு வாரங்கள் எப்போதும் இறங்குவதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் படிவங்கள் இன்னும் வழியில் இருக்கின்றன. அதைக் காட்டி "குறைகிறது" என்று ஊடகத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.

புதிதாக வந்தவர்களையும் ஏற்கெனவே இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுவது

டெங்குவுக்கு முதலாவது கணக்கு, நீரிழிவுக்குப் பெரும்பாலும் இரண்டாவது. கலக்காதீர்கள்.

எண் சிறிதானதும் கணக்கை மூடுவது

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் செத்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லித் தெளிப்பு வந்த பிறகு எண் விழுந்துகொண்டே போய், 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்கள். தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிய முன்னரே மலேரியா இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் தந்தது 2016இல். இப்போது வருவது வெளிநாட்டில் தொற்றிக்கொண்டவர்களோடுதான். ஆகவே காய்ச்சல்காரரின் பயண விவரத்துக்கு உங்கள் படிவத்தில் ஒரு நிரல் விடுங்கள். மாணவர் படிவங்களில் நான் தேடியும் காணாமல் போவது பெரும்பாலும் அந்த நிரல்தான்.