முதலாளி மேசையில் குவிந்த சீட்டுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. 40 மெஷின் 120 ஆனதும் ஷிப்மென்ட் தாமதமாக ஆரம்பித்தது. ஆலோசனை சொல்லப் போன நான் செய்த முதல் வேலை, யார் யாருக்குக் கீழே என்று அழகாக ஒரு சார்ட் வரைந்து சுவரில் ஒட்டியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் முதலாளி அறையிலேயே உட்கார்ந்து, யார் எதற்காக வருகிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். நூல், ஊசி, அட்டைப்பெட்டி! பாதிக்கு மேல் இந்தச் சில்லறை வாங்கல்தான். அவர் கையெழுத்துக்காகத் தையல் லைன் காத்துக் கிடந்தது.

5,000 ரூபாய் வரை புரொடக்‌ஷன் மேனேஜரே முடிவெடுக்கலாம் என்று வைத்தோம். ஆட்கள் பழையபடி முதலாளியிடமே வந்தார்கள். அவரும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிடுவார்! "அண்ணா, 'மேனேஜர் என்ன சொன்னார்?' என்று மட்டும் கேளுங்க" என்றேன். அது படிய 2 மாதம் ஆனது.

மிச்சமான காலை நேரத்தில் அவர் புது பையர்களை, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனங்களை, பார்க்கப் போனார். ஒரே பையரை நம்பி ஓடிக்கொண்டிருந்த கம்பெனி அது.

உள்ளூரில் சரக்கு வாங்கியவர்கள் வைத்த பாக்கியை வசூலிக்க, பில்லில் உத்யம் எண்ணை (சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்த எண்) அச்சிட்டோம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தாமதித்தால், வாங்கியவர் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டிப் பெறும் வரிக்கழிவு அந்த ஆண்டு கிடைக்காமல் தள்ளிப்போகலாம் என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதைக் காட்டியதும் இரண்டு பேர் உடனே செட்டில் செய்தார்கள். மூன்றாமவர் ஆர்டரையே நிறுத்திவிட்டார்.