வாடகை வீடு ஏலத்துக்குப் போனால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வருவோருக்கு

மாதந்தவறாமல் வாடகை கட்டிக் குடியிருக்கும் வீட்டின் கதவில் வங்கியின் பெயரையும் வழக்கு எண்ணையும் தாங்கிய தாளைக் கண்டதும், புதிதாக வந்த குடும்பங்கள் சில அந்த வாரமே வேறு வீடு தேட ஓடுகின்றன. அவ்வளவு அவசரம் தேவையில்லை. உரிமையாளர் மார்ட்கேஜ், அதாவது வீட்டு அடமானக் கடன், தவணை கட்டாததால் வீட்டை ஏலம் விட வங்கி தொடுக்கும் ஃபோர்குளோஷர் நடவடிக்கை அவருடைய கடனைப் பற்றியது; வாடகைக்கு இருப்பவருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு.

2009-இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 2014 இறுதியில் காலாவதியாகி, 2018-இல் நிரந்தரமாக மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஏலத்தில் வீட்டை எடுப்பவர், அது வங்கியாகவே இருந்தாலும், காலி செய்யக் குறைந்தது 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். லீஸ், அதாவது குறித்த காலத்துக்கான வாடகை ஒப்பந்தம், அதற்கு மேலும் மீதமிருந்தால், அது முடியும்வரை விட்டுவைக்க வேண்டும். வாங்கியவர் தாமே குடிவரப் போகிறார் என்றால் லீஸை முன்கூட்டியே முடிக்கலாம், ஆனால் அப்போதும் 90 நாள் அவகாசம் உண்டு. எழுத்தில் லீஸ் இல்லாத மாத வாடகைதாரருக்கும் இந்த அவகாசம் பொருந்தும். இந்தச் சட்டம் உங்கள் விசாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

நம்மவர்கள் தடுமாறும் இடம் வேறு. கடன் வாங்கிய உரிமையாளரின் கணவரோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது. அரசு உதவியால் குறைந்திருந்தாலன்றி, வாடகை சந்தை நிலவரத்தைவிட மிகவும் குறைவாகவும் இருக்கக் கூடாது. தெரிந்தவர் வீட்டு பேஸ்மென்டில், ரசீது ஏதுமின்றிக் கையில் காசு கொடுத்துக் குடியிருப்பவர் தம்மை வாடகைதாரர் என்று நிறுவத் திணறுவதே எனக்குப் பெரும் கவலை. தயவுசெய்து காசோலையாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து, அடிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வாடகையை நிறுத்திவிடாதீர்கள், ஏலம் முடிந்து உரிமை மாறும்வரை அது பழைய உரிமையாளருக்கே சேர வேண்டியது. புதிய உரிமையாளர் என்று ஒருவர் வந்தால், பதிவான பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; யாருக்குக் கட்டுவதென்று தெளியும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். சீக்கிரம் காலி செய்தால் பணம் தருவதாக வங்கியின் முகவர் சொல்லக்கூடும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்; ஏற்றால் தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மாநிலச் சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தந்தால் அதுவே செல்லும். தமிழர் பலர் வாழும் நியூ ஜெர்சியில், சில விதிவிலக்குகள் தவிர, ஃபோர்குளோஷர் என்பது மட்டுமே வாடகைதாரரை வெளியேற்றப் போதிய காரணமாகாது.

நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை மாற்றுவதோ மின்சாரத்தைத் துண்டிப்பதோ சட்டவிரோதம். உங்கள் பெயருக்கு நீதிமன்றத் தாள் வந்தால் குறித்த நாளில் நேரில் செல்லுங்கள். போகாவிட்டால் உங்களுக்கு எதிராகவே தீர்ப்பாகி, அந்தப் பதிவு அடுத்த வீடு தேடும்போது தடையாக நிற்கும். 211 என்ற எண்ணை அழைத்தால், அருகிலுள்ள இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டுவார்கள்.