பெட்ரோல் போடும்போது மட்டும் ஒழுகினால்

எங்கள் கார் ஒர்க்‌ஷாப் செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில், கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வரி வேறு போட்டார்கள். அதனால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வண்டிகள் இந்தப் பக்கம் வந்தால் டேங்கைக் கழுத்து வரை நிரப்பாமல் மலையேறாது. அப்படி நிரப்பும்போதுதான் பல வண்டிகளின் ஒழுகல் வெளியே தெரிகிறது.

"அண்ணாச்சி, அடியில பெட்ரோல் சொட்டுது" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது, எப்போது சொட்டுகிறது என்பதைத்தான். எங்கே என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. மேலே கசிந்தது டேங்கின் மடிப்பு வழியாக ஓடி, எந்த இடம் தாழ்வோ அங்கே போய்ச் சொட்டும்.

பங்கிலேயே கவனித்தால் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சாவியைத் திருப்ப வேண்டாம், தள்ளி ஓரங்கட்டுங்கள். கொட்டியதன்மேல் மணல் போட பங்க் ஆட்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடுதான் பரவும். குனிந்து பார்ப்பதெல்லாம் அப்புறம்.

ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களும் உண்டு. அது வண்டியின் முன்பாதியில் சொட்டும், வாடை இருக்காது. சந்தேகம் என்றால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு பிடியுங்கள். பெட்ரோல் சீக்கிரமே காய்ந்துவிடும். டீசல் என்றால் எண்ணெய்க் கறை நிற்கும்.

சரி, பெட்ரோல்தான். நாசிலை அழுத்தியதும் சொட்ட ஆரம்பித்து, நிறுத்தியதும் நின்றுவிடுகிறதா? டேங்க் பாதி காலியாக இருக்கும்போதும் அப்படித்தானா? அப்படியென்றால் மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய், அதன் ரப்பர் ஹோஸ், கிளிப், இந்த மூன்றில் ஒன்று. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும். அங்கே சேறு அடைந்து, மழை ஈரம் காயாமல், இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கும். ரப்பரை விரலால் வளைத்தால் வெடிப்பு வாயைத் திறக்கும். எலி கடித்த ஹோஸும் இங்கே நிறையப் பார்க்கிறோம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அதைத் தாங்குகிற மாதிரி பழைய வண்டி ரப்பர்கள் எல்லாம் செய்யப்படவில்லை.

முக்கால் டேங்க் வரை ஒன்றும் இல்லை, ஃபுல் ஆனால் மட்டும் ஒழுகுகிறது என்றால் கோளாறு டேங்கின் மேல்பக்கம். இதைக் கண்டுபிடிக்கத்தான் பலரும் அலைகிறார்கள். புனலூர் வண்டி ஒன்று பங்கில் சொட்டுக்கூடக் காட்டாது. மலை ரோட்டில் எஸ் வளைவு ஏறும்போது பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு மட்டும் பெட்ரோல் வாடை. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் சாய்கிறது, அவ்வளவுதான். பின்சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் தகர மூடியைத் திறந்தேன். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் மூடியைச் சுற்றி செம்மண் தூசி. பின்பக்க ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் தூசி கழுவிப்போய் பளிச்சென்று இருந்தது. வேறெங்கோ பம்ப் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோலில் ஊறி உப்பிய வாஷர் மறுபடி பள்ளத்தில் சரியாக உட்காராது. பம்பைக் கழற்றினால் வாஷர் புதிதாகப் போடச் சொல்லி நின்று பாருங்கள்.

நாசில் அடிக்கடி தானாகக் கட் ஆகி, வாய்வழியே துப்பினால் அது ஒழுகலே இல்லை. டேங்கின் காற்றுக் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கும். நிஜமாகவே ஃபுல் ஆகிக் கட் ஆன பிறகும் "ரவுண்டு பண்ணிடுங்க" என்று திணிப்பது கெட்ட பழக்கம். மிச்சப் பெட்ரோல், ஆவி பிடிக்கிற கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

என்ஜின் ஓடும்போது மட்டும் ஒழுகினால் பங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது வண்டியின் பம்ப் அழுத்தத்தில் என்ஜினுக்குப் போகிற லைன். ஓட்டாதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.

இரும்பு டேங்கில் ஊசித் துளை என்றால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து ஒர்க்‌ஷாப் வரை சமாளிக்கலாம். ஹோஸுக்கு அது நிற்காது. டேங்கை வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

வேலை முடிந்ததும் அரை டேங்கில் சோதித்துக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஃபுல் போட்டு, மூக்கை ஏற்றத்தில் வைத்து நிறுத்தி, அடியில் தினத்தாள் விரித்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்த பிறகே வண்டியை விடுவேன்.